சமையா உணவும் நம் தோட்டத்து உடம்பும்

(தெரணியகலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடுப்பில் ஏற்றாத தாவர உணவை மட்டுமே உண்டு வாழத் தொடங்குவோர் எவற்றை அறிந்திருக்கவேண்டும் என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பால், தயிர், நெய், முட்டை, மீன், இறைச்சி, தேன் என உயிர்களிடமிருந்து பெறப்படும் யாவற்றையும் விலக்கி, பழமும் இலையும் தேங்காயும் முளைப்பயறுமே ஆகாரமெனக் கொள்ளும் இக்கொள்கை, கொழும்புக்கு வேலைக்குச் சென்று வரும் நம் பிள்ளைகள் வாயிலாக இன்று நம் தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. உயிர்களிடத்து அன்பும் தன் தேகத்தைத் தூய்மையாகப் பேணவேண்டுமென்ற சிரத்தையும் கொண்ட ஓர் இளைஞனோ யுவதியோ இவ்வழியை நாடும்போது, அதனை நகைத்து ஒதுக்குவது பெரியவர்களுக்கு அழகன்று. அதேபோல, அதன் நன்மை தீமைகளை ஆராயாமல் ஒரே நாளில் அடுப்பை அணைத்துவிடுவது இளையோர்க்கும் அறிவுடைமையன்று.

இப்பாதையில் நமக்கு முன்னரே நடந்து, தாம் கண்டவற்றை ஒளிக்காமல் எழுதிவைத்துச் சென்ற ஒருவர் இருக்கிறார். 1927-ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்து, கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிற் பேசி, மலைநாட்டுத் தொழிலாளரையும் கண்டு சென்ற காந்தியடிகளே அவர். அவர் சமையா உணவை ஒரு முறையன்று, இரு முறை பரீட்சித்தார். 1893-இல், தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், இருபத்து மூன்று வயது இளம் பாரிஸ்டராக இருந்தபோது, இலண்டன் சைவ உணவுச் சங்கத்தின் தலைவராக விளங்கிய ஹில்ஸ் என்பாரின் போதனையால் ஈர்க்கப்பட்டு, ஊறவைத்த கோதுமை, பட்டாணி, உலர்ந்த திராட்சை, பருப்பு வகைகள், தோடம்பழம் ஆகியவற்றை உண்டு வரலானார். பசி தீரவில்லை, பல்லும் ஈறும் நொந்தன, உடல் தளர்ந்தது. இரு வாரம் நிறையுமுன் அப்பரீட்சை முடிவுற்றது. நேர்ந்ததை நேர்ந்தபடியே அவர் அச்சங்கத்தின் பத்திரிகைக்கு எழுதினார்.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1929-இல், ஆந்திரத்தைச் சேர்ந்த ஓர் அன்பரின் அனுபவத்தைக் கேட்டு, சபர்மதி ஆசிரமத்திற் பலரையும் உடன்சேர்த்துக்கொண்டு மீண்டும் அப்பரீட்சையில் இறங்கினார். முளைவிட்ட கோதுமை, முளைவிட்ட கடலை, அரைத்த பாதாம் பருப்பு, இடித்த பச்சிலை, எலுமிச்சை, தேன், உலர்ந்த திராட்சை ஆகியனவே ஆகாரம். இது வெற்றி பெறுமாயின் ஏழைகளின் விறகுச் செலவு மிஞ்சும், பெண்கள் புகையிலிருந்து விடுதலை பெறுவர், உணவின் சத்தும் கெடாது என்ற பேராவல் அவருக்கு இருந்தது. ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்திற்று. அவர் மறுபடியும் ஆட்டுப் பாலுக்குத் திரும்ப நேர்ந்தது. மன உறுதியில் அவரை மிஞ்சியவர் இந்நாட்டிலும் இல்லை, எந்நாட்டிலும் இல்லை. ஆகலின், இவ்வுணவில் நிலைத்து நிற்க இயலாதவரை மனவலிமையற்றவர் என்று பழிக்கும் வழக்கம் தவறானது என்பதை அவருடைய வாழ்வே நிரூபிக்கின்றது.

பாலின் கதை இன்னும் உருக்கமானது. 1912-இல் டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த காலத்திற் பாலை அறவே துறந்தவர், 1918-இற் கொடிய சீதபேதியால் எலும்பும் தோலுமாகிப் படுக்கையிற் கிடந்தபின், பசுவின் பாலையும் எருமைப் பாலையுமே தாம் நினைந்து விலக்கியதாகக் கூறி, கஸ்தூரிபாயின் வேண்டுகோளுக்கிணங்கி ஆட்டுப் பாலை ஏற்றார். அதன் பின்னர், 1942-இல் ஆகாகான் மாளிகையிற் சிறைப்பட்டிருந்தபோது ஆரோக்கியத்தைப் பற்றி எழுதிய நூலிலும், பாலின் இடத்தை நிரப்பவல்ல தாவரம் எது என்ற வினா அவரை விட்டு அகலவில்லை. அவருக்கு விடை கிடைக்கவில்லை, கிடைத்திருக்கவும் முடியாது. அவ்விடையில் ஒரு பகுதி, அவர் மறைந்த 1948-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே ஆய்ந்துவந்த விஞ்ஞானிகளால் ஈரலிலிருந்து சிவந்த பளிங்குத் துகளாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு விற்றமின் பி12 என்று பெயர்.

அன்பர்களே, நான் இன்று சொல்லும் யாவற்றையும் மறந்தாலும் இதை மறவாதீர்கள். பி12 என்னும் இச்சத்தை எந்தச் செடியும் கொடியும் மரமும் உண்டாக்குவதில்லை. நுண்ணுயிர்களே அதனை உண்டாக்குகின்றன. விலங்குகளின் உடம்பில் அது சேர்ந்து, பால், முட்டை, மீன், இறைச்சி வழியாக மனிதரை அடைகின்றது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறக்குறைய 2.4 மைக்ரோகிராமே. கண்ணுக்குப் புலப்படாத இச்சிறு அளவு இல்லாதொழிந்தால் இரத்தம் கெடும், பாதங்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும், நினைவும் மங்கும். ஈரலில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் இருப்புச் சில ஆண்டுகள் வரை தாங்குமாகையால், முதல் ஆண்டில் தனக்கு ஒரு குறையும் நேரவில்லையே என்று ஒருவர் மகிழ்ந்திருப்பார். இருப்புத் தீர்ந்தபின் நோய் மெல்லத் தலைகாட்டும். தாவர உணவை மட்டும் உண்போர், சமைத்து உண்டாலும் பச்சையாக உண்டாலும், பி12 மாத்திரையை வைத்தியர் சொல்லும் அளவில் எடுத்தே தீரவேண்டும். இதிற் கொள்கைக்கு இழுக்கு ஒன்றுமில்லை. அந்த மாத்திரையும் நுண்ணுயிர்களை வளர்த்தே செய்யப்படுகின்றது.

இனி, பச்சையுணவின் பெருமையையும் சொல்வது கடமை. காந்தியடிகள் சபர்மதியில் முளைக்கோதுமை உண்டுகொண்டிருந்த அதே காலத்தில், லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாயில், ஆலைத்தொழிலாளரான ஏழைக் கர்ப்பிணிகளைக் கொல்லும் ஒருவகை இரத்தச்சோகையை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மலிவான ஒரு சாரத்தைக் கொடுத்தால் அப்பெண்கள் தேறுவதை அவர் கண்டு 1931-இல் வெளியிட்டார். அச்சாரத்தில் இருந்த சத்தே பிற்காலத்திற் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. 1941-இற் கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. நம் வல்லாரையிலும் பொன்னாங்காணியிலும் பயறிலும் அது உண்டு; கொதிக்கும் நீரில் நெடுநேரம் வேகவைத்தால் அதில் பெரும்பங்கு அழிந்தும் கரைந்தும் போகும். விற்றமின் சி-யும் அவ்வாறே. ஆகவே, கீரையைக் கருகக் கருகச் சுண்டவைத்து, அவித்த நீரையும் கொட்டிவிடும் நம் வீட்டு வழக்கத்தைப் பச்சையுணவுக்காரர் கண்டிப்பதில் நியாயம் உண்டு.

ஆயினும் இங்கும் ஒரு நுட்பம் இருக்கின்றது. பச்சிலை மிகுதியாக உண்பவருக்கு ஃபோலிக் அமிலம் நிறையக் கிடைப்பதால், பி12 குறைந்தபோதிலும் இரத்தச்சோகை வெளியே தோன்றாமல் மறைந்துபோகக்கூடும். இரத்தம் நன்றாயிருக்கின்றதென்று எண்ணியிருக்கையில், உள்ளே நரம்புகள் கெட்டுக்கொண்டிருக்கும். நல்ல உணவே மற்றொரு குறையை மறைக்கும் இந்நிலையை அறியாமல் இவ்வழியில் இறங்குதல் ஆபத்து.

அடுப்பை மனிதனின் பகைவனாகக் காட்டும் பேச்சையும் நான் ஏற்பதற்கில்லை. இங்கிருந்து தொலைவில்லாத கித்துல்கலையில் பெலிலென என்றொரு குகை இருக்கிறது. நம் ஊரின் பெயரையே தம் பெயரிற் கொண்ட தொல்லியல் அறிஞர் சிரான் தெரணியகலை அங்கு அகழ்ந்து ஆராய்ந்தபோது, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த மக்கள் உண்ட காட்டு ஈரப்பலாவும், காட்டு வாழையும், கெக்குணக் கொட்டையும் கரிந்த நிலையிற் கிடைத்தன. இதே மழைக்காட்டில், இதே கனிகளின் நடுவில் வாழ்ந்த ஆதி மனிதனும் தன் உணவுக்குத் தீயைத் துணைகொண்டிருக்கிறான். தீ அவனுக்குப் பகையாய் இருக்கவில்லை.

நாம் சமைத்து உண்பதற்குக் காரணமும் உண்டு. நம் லயத்து ஓரங்களில் வளரும் மரவள்ளியிற் சயனைட்டு நஞ்சைப் பிறப்பிக்கும் பொருள் இருக்கின்றது. சட்டியை மூடாமல் அவிக்கவேண்டுமென்று நம் பாட்டிமார் வற்புறுத்தியது அந்நஞ்சு ஆவியோடு வெளியேறுவதற்கே. சேம்பங்கிழங்கைப் பச்சையாகக் கடித்தால் தொண்டை அரித்து வீங்கும். முற்றிய போஞ்சி விதையை நன்கு கொதிக்கவைக்காமல் உண்டால் வாந்தியும் பேதியும் உண்டாகும். தக்காளியின் செம்மைச் சத்தும், கரட்டின் விற்றமின் ஏ-யாக மாறும் சத்தும் சமைத்தபின்பே உடம்பில் எளிதாகச் சேர்கின்றன. எதைப் பச்சையாக உண்பது, எதைச் சமைத்து உண்பது என்பதைப் பொருள் பொருளாக அறிந்து தீர்மானிக்கவேண்டுமேயன்றி, ஒரே விதியை எல்லாவற்றின்மீதும் சுமத்துதல் கூடாது.

இப்பொழுது நம் தேகத்தைப் பார்ப்போம். காலையிற் பிரட்டு என்னும் வேலைப் பகிர்வுக்கு நின்று, கூடையைத் தலையிற் கட்டி, மழையிலும் சரிவிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும், விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடந்து இறப்பர்ப் பால் வெட்டுபவருக்கும், மேசைமுன் அமர்ந்து பணிபுரிபவரைவிட மிகுந்த சக்தி வேண்டும். நூறு கிராம் பப்பாசிப்பழத்தில் ஏறக்குறைய 43 கலோரியே இருக்கின்றது. இரண்டாயிரம் கலோரியைப் பப்பாசியால் மட்டும் பெறவேண்டுமாயின் நாலரைக் கிலோவுக்கு மேல் உண்ணவேண்டும். தேங்காய்ப்பூவில் நூறு கிராமுக்கு 350 கலோரி வரை உண்டாகையால் அது பெருந்துணை. எனினும் நாள்தோறும் எவ்வளவு தேங்காயை ஒரு கூலிக்குடும்பம் வாங்க முடியும்? ஜெர்மனியில் கீஸன் பல்கலைக்கழகத்தார், நெடுங்காலமாகப் பெரும்பாலும் பச்சையுணவே உண்டுவந்த ஐந்நூறுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட முடிவின்படி, ஆண்கள் சராசரியாக 10 கிலோவும் பெண்கள் 12 கிலோவும் எடை குறைந்திருந்தனர்; 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 வீதத்தினருக்கு மாதவிலக்கு ஓரளவோ முற்றாகவோ நின்றிருந்தது. வயிறார உண்ணும் நாட்டவருக்கே இது நேருமாயின், ஏற்கெனவே மெலிந்திருக்கும் நம் பெண்களின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

இரத்தச்சோகை நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் துன்பம். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து, மீனிலும் இறைச்சியிலும் உள்ளதைப்போல எளிதில் உடம்பிற் சேர்வதில்லை. அதனைச் சேரச்செய்வது தேசிக்காய்ப் புளிப்பு. சேரவிடாமல் தடுப்பது, நாம் சோறுண்ட கையோடு குடிக்கும் சாயத் தேத்தண்ணி. நாம் விளைவிக்கும் தேயிலையைப் பழிக்கும் எண்ணம் எனக்கில்லை. உணவுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள் என்றே வேண்டுகின்றேன். எந்த உணவுக்கொள்கையையும் மேற்கொள்ளாதவருக்கும் இம்மாற்றம் பயன் தரும்.

உப்பையும் மறத்தலாகாது. சப்பிரகமுவையை உள்ளடக்கிய இலங்கையின் தென்மேற்கு ஈரவலயம் முன்பு கழுத்துக் கழலை நோய் மிகுந்த பகுதி. மழை மண்ணிலுள்ள அயோடினைக் கழுவிச் சென்றுவிடுவதே அதற்குக் காரணமென்பர். 1990-களில் நாடெங்கும் உப்பில் அயோடின் சேர்க்கப்பட்டபின்பே அந்நோய் தணியத் தொடங்கிற்று. பச்சையுணவு உண்போரிற் சிலர் உப்பையே துறக்கின்றனர். இம்மண்ணில் விளைவதை மட்டும் உண்டு, அயோடின் உப்பையும் நீக்கி, பச்சைக் கோவாவையும் மிகுதியாக உண்போர் கழுத்துக் கழலையைத் தாமே வருவித்துக்கொள்ளக்கூடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நீர் இருக்கின்றது. சீதாவாக்கை கங்கைக்கரையிலும் ஓடைக்கரையிலும் வாழும் நமக்கு நீருக்குப் பஞ்சமில்லை. தூய நீருக்கே பஞ்சம். பீலித் தண்ணீர் தெளிவாய்த் தோன்றினும், மேலேயுள்ள லயத்து மலசலகூடக் கழிவும் மாட்டுக்கொட்டிற் கழிவும் அதில் கலந்திருக்கக்கூடும். வட்டப்புழு முட்டையும், சீதபேதிக் கிருமியும், நெருப்புக்காய்ச்சற் கிருமியும் கழுவாத இலையோடு வயிற்றினுள் போகும். அடுப்பின் கொதி நாள்தோறும் நம்மை அறியாமலே அவற்றைக் கொன்றுவந்தது. அடுப்பை நீக்குபவர் அக்காவலையும் நீக்குகின்றார். ஆகவே அதற்கு ஈடான தூய்மையைத் தம் கையாலேயே உண்டாக்கவேண்டும்.

ஆயின் தொடங்குவது எவ்வாறு? நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பச்சையுணவிலிருந்தே தொடங்கலாம். வல்லாரைச் சம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய கட்டை அப்படியே நனைத்து உதறிவிடாமல், கட்டை அவிழ்த்து, மண் படிந்த வேரையும் பழுத்த இலையையும் கிள்ளி எறிந்து, ஓடும் நீரில் ஒவ்வோர் இலையாய் இருபுறமும் தேய்த்துக் கழுவி, உப்புக் கரைத்த நீரிற் சற்று ஊறவிட்டு, கொதித்தாறிய நீரில் இறுதியாக அலசி, நீர் வடிந்தபின், உண்ணும் வேளைக்குச் சற்று முன்பே மெல்லியதாக அரியுங்கள். முன்னரே அரிந்துவைத்தால் சத்துக் குறையும், நிறமும் கறுக்கும். அதனோடு புதிதாய்த் துருவிய தேங்காய், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், அயோடின் உப்பு, தேசிச்சாறு ஆகியவற்றைக் கையாற் பிசைந்தால் வேலை முடிந்தது. மீனிலிருந்து செய்யும் மாசித்தூளைச் சேர்க்கவேண்டாம். தேங்காயின் கொழுப்பு, இலையிலுள்ள விற்றமின் ஏ-யின் மூலச்சத்தை உடம்பிற் சேர்க்கும். தேசிக்காய் இரும்பைச் சேர்க்கும். இந்த ஒரு சம்பலில், உணவு விஞ்ஞானம் இன்று கூறும் இரு விதிகள் நம் தாய்மார் கைப்பழக்கமாகவே அமைந்திருக்கின்றன.

முதல் மாதத்திற் சோற்றையோ ரொட்டியையோ குறைக்காமல், ஒவ்வொரு வேளையும் இத்தகைய பச்சைக் கறி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதுவரை நார் குறைந்த கோதுமை மா ரொட்டிக்குப் பழகிய குடல், திடீரென்று மிகுந்த நாரைப் பெற்றால் பொருமும், வலிக்கும். பையப்பையச் சேர்த்தால் பழகிக்கொள்ளும். இரண்டாம் மாதத்தில், வேலையில்லாத ஞாயிறு போன்ற நாளில் ஒரு வேளை மட்டும் சமையா உணவாகக் கொள்ளலாம்: வாழைப்பழம், பப்பாசி, பலாச்சுளை, அன்னாசி எனக் காலத்துக்குக் கிடைப்பதும், ஒரு கைப்பிடி முளைப்பயறும், தேங்காயும், ஊறவைத்த கச்சானும் போதுமானவை. பாதாமைத் தேடி அலையவேண்டியதில்லை. ஆனாற் கச்சானிற் பூஞ்சணம் இருந்தால் ஒரு பருப்பைக்கூட வாயிலிடாதீர்கள்.

பயற்றை இரவு ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, தூய துணியிற் கட்டி, நாளில் மும்முறை கொதித்தாறிய நீரால் அலசிவந்தால் மறுநாள் முளைக்கும். நம் ஊரின் ஈரத்தில் அது விரைவிற் கெடும். வழுவழுப்போ புளித்த வாடையோ தோன்றினால் தயங்காமல் வீசிவிடுங்கள். முளைப்பயறு நோய்க்கிருமி வளர ஏற்ற இடமாகையால், முதியோரும் பலவீனரும் அதனை ஆவியில் ஒருமுறை வாட்டி உண்பதே உத்தமம்.

மூன்றாம் நிலையில், நாளொன்றுக்கு ஒரு வேளை சமையா உணவு, மற்ற வேளைகளில் அவித்த சோறும் பருப்பும் கிழங்கும் கறியும் என்று அமைத்துக்கொள்ளலாம். உழைக்கும் மக்களாகிய நமக்கு இவ்வெல்லையே போதுமென்பது என் துணிபு. இதற்கு அப்பாலும் சென்று முழுதும் சமையா உணவையே விரதமாகக் கொள்ள விழைபவர், நல்ல தேகாரோக்கியம் உடைய வளர்ந்தவராயிருத்தல் வேண்டும். முதலில் இரத்தத்தைப் பரிசோதித்து, பி12 மாத்திரையைத் தொடங்கி, மாதந்தோறும் எடை பார்த்து, தலைசுற்றலோ கால் மரத்தலோ மாதவிலக்கு நிற்றலோ கண்டவுடன் சமைத்த உணவுக்குத் திரும்பி வைத்தியரை நாடுதல் வேண்டும். திரும்புதல் தோல்வியன்று.

கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், குழந்தைகளும், வளரும் பருவத்துப் பிள்ளைகளும், இரத்தச்சோகை உடையவர்களும், நோயினின்று தேறிவருபவர்களும் இப்பரீட்சையில் இறங்கவே கூடாது. நீரிழிவுக்கு மருந்து உண்பவரும் சிறுநீரக நோயுள்ளவரும் வைத்தியரைக் கேளாமல் ஒரு வேளை உணவைக்கூட மாற்றக் கூடாது. கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் வழங்கும் திரிபோஷாச் சத்துமாவையும் இரும்பு மாத்திரையையும் எந்தக் கொள்கையின் பெயராலும் மறுக்கலாகாது.

பெரியோர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை உயிர்க்கொலை வேண்டாமென்று சொல்லித் தட்டை ஒதுக்கினால், அவன் உள்ளத்தின் நன்மையை மதியுங்கள். அவனோடு வாதாடுவதை விடுத்து, அவனுக்குரிய பயற்றையும் கீரையையும் தேங்காயையும் தேடிக்கொடுங்கள். இளைஞர்களே, உங்கள் விரதத்தை உங்கள் உடம்பளவில் வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து மலைக்குப் போகும் தாயையும் பால் குடிக்கும் தம்பி தங்கையையும் அதற்குள் இழுக்காதீர்கள். நாளை முதல் நம் லயங்களில் ஒவ்வொரு வீடும் கதவோரத்தில் ஒரு பாத்தி வல்லாரையும் ஒரு பப்பாசி மரமும் வளர்க்கட்டும். குடிக்கும் நீரைக் கொதிக்கவைக்கட்டும். சோற்றோடு ஒரு பச்சைக் கறி நாள்தோறும் தட்டில் இருக்கட்டும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடப்படட்டும். இந்நான்கையும் செய்துகாட்டுங்கள் என்பதே உங்கள் அனைவரிடமும் நான் வைக்கும் வேண்டுகோள்.